கொக்கு அப்படிச் செய்யாது, ஆண்ட்டி

ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, இங்கே சிங்கப்பூரில் ஒரு சனிக்கிழமைக் காலையில், எட்டு வயதுப் பையன் ஒருவன் என் கதையைப் பாதியில் நிறுத்தினான்.

கிழக் கொக்கும் நண்டும் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். குளம் வற்றப்போகிறது என்று பொய் சொல்லி, மீன்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்த் தின்று, கடைசியில் நண்டின் கொடுக்கில் கழுத்தைக் கொடுக்குமே, அந்தக் கொக்கு. கூன் விழுந்த முதுகு, இருமல், தழுதழுத்த குரல், கையில் இல்லாத ஒரு தடி என்று எல்லாவற்றையும் வைத்திருந்தேன். பெற்றோர்கள் சிரித்தார்கள். தொடக்கநிலை 2, 3 படிக்கும் பிள்ளைகள் இருபது பேர், மரியாதைக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

"கொக்கு அப்படிச் செய்யாது, ஆண்ட்டி" என்றான் அவன். "எங்கள் புளோக்குக்குப் பின்னால் கால்வாயில் ஒன்று நிற்கும். அது பேசாது. அசையவே அசையாது. பிறகு திடீரென்று..." சொல்லிவிட்டுத் தன் வலக்கையை மடக்கி, சட்டென்று நீட்டினான். அவ்வளவுதான். என்னைப் பார்த்துக்கொண்டிருந்த இருபது பிள்ளைகளும் அவன் கையைப் பார்த்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. பகலில் கணக்குப் பிரிவில் வேலை, வார இறுதியில் கதை என்று ஏழு ஆண்டுகள் ஓடியிருந்தன. சிறுவயதில் பரதநாட்டியம் படித்தவள் வேறு. ஒரு பொடியன் ஒரே ஒரு கையசைவில் என் கூட்டத்தைப் பறித்துக்கொண்டால் எப்படி இருக்கும்? வீட்டுக்கு வந்தும் அந்தக் கை கண்ணிலேயே நின்றது. மறுநாள் காலை ஏழு மணிக்கு அவன் சொன்ன கால்வாயைத் தேடிக்கொண்டு போனேன்.

அது நின்றது. உண்மையில் கொக்கு இல்லை, சாம்பல் நாரை; நம் வீட்டுப் பேச்சில் எல்லாமே கொக்குதான். கணுக்கால் அளவுத் தண்ணீரில், கழுத்தை 'எஸ்' எழுத்துப் போல உள்ளே மடக்கி வைத்திருந்தது. நான் கொண்டுபோன தேநீர் ஆறிப்போயிற்று. மேலே பாலத்தில் சைக்கிள்கள் போயின, ஒரு பாட்டி மெதுநடை போனார், அது திரும்பக்கூட இல்லை. ஒரு கட்டத்தில் இடக்காலைத் தூக்கியது. தூக்கியதே தெரியாத அளவுக்கு மெதுவாக. விரல்கள் முதலில் தளர்ந்து, பிறகு ஒன்றுசேர்ந்து மூடி, தண்ணீரை விட்டு ஒரு வளையம்கூட எழாமல் வெளியே வந்தன. அரை அடி தள்ளி அதேபோல் உள்ளே இறங்கின. நாற்பது நிமிடம் கழித்துத்தான் அந்தக் கழுத்து பாய்ந்தது. நான் பார்த்தது பாய்ச்சலை இல்லை, அது முடிந்த பிறகு அலகில் துடித்த திலாப்பியா மீனைத்தான். மீனை இரண்டு முறை உதறி, தலை முன்னே வரும்படி திருப்பிக்கொண்டு விழுங்கியது. வால் பக்கமாக விழுங்கினால் முதுகுத் துடுப்பின் முட்கள் தொண்டையில் குத்துமாம். கழுத்தில் அந்த வீக்கம் மெல்ல இறங்கிப்போவதைக் கூடக் கண்ணால் பின்தொடர முடிந்தது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: நாரையின் கழுத்தில் ஆறாவது எலும்பு மற்றவற்றைவிட நீளம். கழுத்து அங்கேதான் கொக்கி போல் மடங்கிப் பாய்கிறது. நம் கையில் அந்த இடம் முழங்கை. அந்தப் பையன் எந்தப் புத்தகமும் படிக்காமல் சரியான மூட்டைப் பிடித்திருந்தான்.

கதை சொல்ல வருகிறவர்களுக்கு இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பரதத்தில் மயிலுக்கு, பாம்புக்கு, மானுக்கு, மீனுக்கு, ஆமைக்கு என்று முத்திரைகள் உண்டு. அழகானவை. ஆனால் முத்திரை ஒரு சுருக்கெழுத்து. அதைப் படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அது மீன். வீட்டில் பாதி ஆங்கிலம் பேசி, தமிழ் வகுப்பில் கட்டுரை எழுதத் திணறும் பிள்ளைக்கு அது வெறும் கைவிரல். முத்திரையைத் தூக்கிப்போட வேண்டாம். விலங்கைப் பார்த்த பிறகு முத்திரையைக் கையில் எடுங்கள், அப்போது அதற்கு எடை வரும். நான் பாம்புத்தலை முத்திரையை முழங்கை மடிப்போடு சேர்த்து நாரையாக்கினேன். வசனம் எதுவும் கிடையாது. ஒரு காலில் நின்று, இருபது வினாடி அசையாமல் இருந்தேன்.

இருபது வினாடி! கண்ணாடி முன்னால் நின்று எண்ணிப் பாருங்கள். ஏழாவது வினாடியில் மனம் கெஞ்சும். அடுத்த நிகழ்ச்சியில், பத்தாவது வினாடி வரை பிள்ளைகள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். பதினைந்தாவதில் ஒருவன் "உஷ்" என்றான். இருபதாவதில் கை பாய்ந்தபோது முன்வரிசையில் இருந்த பெண் பின்னால் சாய்ந்து விழுந்தே விட்டாள். ஏழு ஆண்டுகள் தொண்டை கிழியக் கத்தியும் எனக்குக் கிடைக்காத அமைதி அது.

அதற்குப் பிறகு என் சனிக்கிழமைகள் மாறிவிட்டன. ஒரு கதைக்கு முன் அந்த உயிரை மூன்று முறையாவது நேரில் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். மூன்று முறை என்பது சாத்திரம் இல்லை. முதல் முறை போகும்போது நமக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் பார்ப்போம். இரண்டாவது முறை சலிப்பாக இருக்கும். மூன்றாவதில்தான் அது என்ன செய்கிறது என்பது கண்ணில் படும். குறிப்பேட்டில் 'அழகு', 'சோகம்' என்றெல்லாம் எழுதுவதில்லை. வினைச்சொற்களை மட்டும் எழுதுவேன்: மடக்கியது, உதறியது, தேய்த்தது, நின்றது. கதை அந்த வினைகளில் இருந்துதான் கிளம்புகிறது.

சுங்கை பூலோவுக்கு அடிக்கடி போக ஆரம்பித்தது அப்போதுதான். 1993இல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டு, 2002இல் இருந்து சட்டப் பாதுகாப்புப் பெற்ற ஈரநிலக் காப்பகம் அது. முதல் தடவை பதினான்கு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நான் வாங்கிய அடியைச் சொல்கிறேன். சேற்றில் குதிக்கும் மீனைக் காட்டுவதாக ஒரு வாரம் ஆசைகாட்டி வைத்திருந்தேன். போய்ச் சேர்ந்தால் சேறே இல்லை. அலையாத்தி மரங்களின் இடுப்புவரை தண்ணீர். கடலின் ஏற்றமும் வற்றமும் பார்க்காமல் கிளம்பிய என் புத்தியை என்னவென்று சொல்வது! நெய்தல் திணையைப் பற்றி மேடையில் பேசத் தெரிந்த எனக்கு, கடல் எப்போது உள்வாங்கும் என்று தெரியவில்லை.

இப்போது மாத ஓத அட்டவணை என் குளிர்பதனப் பெட்டியின் கதவில் தொங்குகிறது. சேற்றுயிர்களைக் காட்ட வேண்டுமானால் வற்றத்தில் போக வேண்டும். செப்டம்பர் முதல் மார்ச் வரை வடக்கே சைபீரியப் பக்கத்திலிருந்து வந்து தங்கும் வலசைப் பறவைகளைக் காட்ட வேண்டுமானால் நேர்மாறாக, ஏற்றத்தில் போக வேண்டும். வெளியே சேற்றுத்திட்டு மூழ்கியதும் அவை காப்பகத்துக்குள் இருக்கும் குளங்களுக்கு வந்து கூட்டமாக ஒதுங்கி நிற்கும். அவற்றில் ஒன்றுக்குத் தமிழில் பவளக்காலி என்று பெயர். பெயரைச் சொன்னால் போதும், பிள்ளைகளே தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள், சிவந்த கால்களை.

சேற்றில் குதிக்கும் மீனுக்கு என்ன பெயர் சொல்வது என்று நான் விழித்தபோது, ஒரு சிறுமி "சேற்றுத்துள்ளி" என்றாள். எங்கள் குழுவில் அதுவே நிலைத்துவிட்டது. அந்த மீன் செவுள் அறைகளில் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொண்டு தரையில் திரிகிறது. உடம்பையும் அடிக்கடி நனைத்துக்கொள்ள வேண்டும். கண்ணை உள்ளே இழுத்து நனைத்துக்கொள்ளும். இதை விளக்கப் படமாகக் காட்டியபோது கொட்டாவி வந்தது. விளையாட்டாக்கியதும் வீடு திரும்ப மறுத்தார்கள். விளையாட்டு இதுதான்: கன்னத்தில் காற்றை நிரப்பிக்கொண்டு முழங்கையால் தவழ வேண்டும். பேசினால், சிரித்தால் காற்று போய்விடும். போனால் நீலத் துணி விரித்த 'குட்டை'க்கு ஓடி நிரப்பிக்கொண்டு வர வேண்டும். சிரிக்கவைப்பது என் வேலை. பத்து நிமிடம் கழித்து ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டே, "மீனாக இருப்பது கஷ்டம்" என்றான். நான் எழுதி வைத்திருந்த எந்த வசனமும் அதற்கு ஈடாகாது.

வற்றத்தில் இன்னொன்றும் கேட்கும்: டொக், டொக் என்று சேற்றுக்குள்ளிருந்து யாரோ சொடக்குப் போடுவது போல. சொடக்குதான் அது. ஒரு வகை இறால், தன் பெரிய கொடுக்கை அவ்வளவு வேகமாக மூடுகிறது. அப்போது உண்டாகும் நீர்க்குமிழி உடையும் ஓசை நமக்குக் கேட்கிறது. என் கதையில் இப்போது பெற்றோர்களுக்குக் கொடுத்திருக்கும் வேலை இந்தச் சொடக்கு. வில்லுப்பாட்டில் "ஆமாம்" போட ஒருவர் இருப்பாரே, அதைப்போல. கைத்தொலைபேசியைக் கீழே வைத்தால்தான் சொடக்குப் போட முடியும் என்பது எனக்குக் கிடைத்த கூடுதல் லாபம்.

திறந்தவெளி நிகழ்ச்சி ஒன்று படுதோல்வி அடைந்ததையும் சொல்லிவிட வேண்டும். ஒரு குடும்ப தினக் கொண்டாட்டம். மாலை நான்கரை மணி. மேடையைக் கிழக்குப் பக்கம் போட்டிருந்தார்கள், எனக்கு முதுகுப் பக்கம் நிழல், பார்வையாளர்கள் முகத்தில் நேர் வெயில் இல்லை. நல்லதுதானே என்று நினைத்தேன். எனக்குத்தான் கண் கூசியது. முகத்தைச் சுளித்துக்கொண்டே நீர்நாய்க் குடும்பத்தின் மகிழ்ச்சியை நடித்தேன். ஒலிபெருக்கியோ கல்யாண மண்டபத்துக்கு உரியது. நீர்நாய்க் குட்டியின் கீச்சொலியை நான் எழுப்பியபோது நான்காவது வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. பிறகு இடி எச்சரிக்கை வந்தது. எல்லாரும் பக்கத்து அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு ஓடினோம்.

அங்கேதான் அன்றைய நிகழ்ச்சி தொடங்கியது என்று சொல்ல வேண்டும். ஒலிவாங்கி இல்லை. மழை கொட்டுகிறது. அறுபது பேரில் முப்பது பேர் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நீர்நாய்கள் குளித்து முடித்ததும் புல்லிலும் மணலிலும் புரண்டு உடம்பைத் துடைத்துக்கொள்ளும். நனைந்து வந்த பிள்ளைகளை அதையே செய்யச் சொன்னேன். அம்மாக்கள் என்னை முறைத்தார்கள், ஆனால் யாரும் தடுக்கவில்லை. 1970களில் நம் ஊரைவிட்டுப் போன நீர்நாய், 1998இல் சுங்கை பூலோவில் மறுபடி தலைகாட்டியது. 2014 வாக்கில் ஒரு குடும்பம் பிஷான் – அங் மோ கியோ பூங்காவுக்கே குடிவந்தது. அந்தப் பூங்காவில் இருந்த 2.7 கிலோமீட்டர் சிமெண்டு வாய்க்கால், 2012இல் கரையும் புல்லும் வளைவுமாக 3.2 கிலோமீட்டர் ஆறாகியிருந்தது. நேராக இருந்தபோது ஓடிய தண்ணீர் வளைந்தபோது எப்படி நின்று நின்று போகும் என்று, பிள்ளைகளை இரண்டு வரிசையாக நிற்கவைத்து, நடுவில் ஒருவரை ஓடவிட்டுக் காட்டினேன். மழைச் சத்தம் பின்னணி இசை. காசு கொடுத்தாலும் கிடைக்காது.

ஆகவே இடம் பார்க்கப் போகும்போது நிகழ்ச்சி நடக்கும் அதே மணிக்குப் போங்கள். சூரியன் கதைசொல்லிக்கும் கேட்பவர்களுக்கும் பக்கவாட்டில் இருக்கட்டும். பின்னால் ஒரு சுவரோ அடர்ந்த புதரோ இருந்தால் குரல் தங்கும். கீழ்த்தளத்தில் எதிரொலி உண்டு, அங்கே வாக்கியத்தின் கடைசிச் சொல்லை முழுதாக முடித்துவிட்டு ஒரு மூச்சு விட்டுத்தான் அடுத்ததைத் தொடங்க வேண்டும். இருபது பேருக்கு மேல் போனால் வெளியே நடந்துகொண்டே கதை சொல்வது முடியாத காரியம், மூன்றாவது வரிசைக்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. பூங்காவில் கூட்டம் சேர்த்து நிகழ்ச்சி நடத்துவதென்றால் தேசியப் பூங்காக் கழகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள். கொசு மருந்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு காரியத்தில் நான் கண்டிப்பானவள். பறவையின் பதிவு செய்த குரலைக் காட்டுக்குள் ஒலிக்கவிடக் கூடாது. வேறொரு ஆண் தன் எல்லைக்குள் புகுந்துவிட்டதாக நினைத்து அது அலைபாயும்; இரை தேடும் நேரத்தை நம் வேடிக்கைக்காக வீணாக்கும். வாயால் செய்து காட்டுங்கள், சரியாக வராவிட்டால் பிள்ளைகள் திருத்துவார்கள். உணவு கொடுப்பதும் அப்படித்தான். 2020 ஜூன் முதல் வனவிலங்குச் சட்டத்தின்கீழ், அனுமதியில்லாமல் காட்டு விலங்குக்குத் தீனி போட்டால் முதல் தடவையே 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம். குரங்குக்கு ரொட்டி நீட்டிய ஒரு தாத்தாவிடம் இதைச் சொன்னேன். "அந்தக் காசுக்கு நானே ரொட்டிக் கடை வைக்கலாமே" என்று கையை இழுத்துக்கொண்டார்.

நடுவில் நிஜ விலங்கு வந்துவிட்டால்? ஒருமுறை, முதலையைப் பற்றி நான் குரலைத் தாழ்த்தி உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒன்றரை மீட்டர் நீளத்தில் ஒரு நீர் உடும்பு எங்களுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் இடையில் நடந்து போனது. அவசரமே இல்லை. வலது முன்கால், இடது பின்கால், நடுவில் உடம்பு வளைந்து நெளிய, நாக்கு வெளியே வந்து காற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. நான் பேச்சை நிறுத்தினேன். அது புதருக்குள் மறையும்வரை யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு முதலைக் கதையை விட்டுவிட்டு "உடும்புப் பிடி" என்று ஏன் சொல்கிறோம் என்று பேசினோம். விருந்தாளி வந்த வீட்டில் நம் புராணத்தைப் பாடிக்கொண்டிருக்க முடியுமா?

இருவாச்சிக் கதையும் எனக்குப் பிடித்த ஒன்று. 1994இல் புலாவ் உபின் தீவில் திரும்பக் காணப்பட்டு, இன்று அடுக்குமாடிகளுக்கு இடையிலும் பறக்கும் பறவை. பெண் மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு கீறல் மட்டும் விட்டு வைக்கும். இரண்டரை மாதத்துக்கு மேல் ஆண் பறவை பழமும் பூச்சியும் பல்லியும் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டும். அட்டைப்பெட்டியில் கீறல் போட்டு, ஒரு பிள்ளையை உள்ளே உட்காரவைத்துத் திராட்சைப் பழம் ஊட்டவைத்தேன். நான் தயாரித்து வைத்திருந்த முடிவு தாய்மையின் தியாகம். பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி குறுக்கிட்டார்: "தியாகமா? என் முதல் பிரசவத்துக்கு மூன்று மாதம் யாராவது வாசலை அடைத்துவிட்டுச் சாப்பாடு ஊட்டியிருந்தால் நான் ஏன் அம்மா அழுதிருக்கப் போகிறேன்!" கூட்டம் குலுங்கியது. அன்றே அந்த முடிவைக் கிழித்துப் போட்டேன். விலங்கை நீதிபோதனைக்கு வேலைக்காரனாக வைத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு நீண்ட நாளாக உண்டு. சொல்ல வேண்டிய நீதியைக் கேட்பவர்கள் என்னைவிட நன்றாகவே சொல்லிக்கொள்கிறார்கள்.

இந்த ஆண்டு தமிழ்மொழி மாதத்துக்கு நான் எடுத்துக்கொண்டது குயில். சிங்கப்பூரில் குயில் என்றால் புகார். காலை ஐந்தரை மணிக்கு "குவ்வோ, குவ்வோ" என்று ஏறிக்கொண்டே போகும் குரல். எங்கள் புளோக்கில் ஒருவர் அதன்மேல் கடிதமே எழுதியிருக்கிறார். நம் பாட்டுகளில் பெண்குயில் கூவும், நிஜத்தில் அப்படிக் கூவுவது சிவந்த கண்ணுள்ள கருப்பு ஆண். பெண் பழுப்பில் புள்ளியிட்டது, "கிக் கிக்" என்று கத்தும். அது முட்டையிடுவது காக்கைக் கூட்டில். இங்கே சுற்றும் வீட்டுக் காக்கையோ இந்த மண்ணுக்கு உரியதில்லை. காப்பித் தோட்டத்துக் கம்பளிப்புழுக்களைத் தின்னட்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. என் கொள்ளுத்தாத்தாவும் ஏறக்குறைய அதே காலத்தில், அதே மாதிரி ஒரு தோட்டத்துக்குத்தான் வந்தார். காக்கை இறங்கிவிட்டால் குயில் பின்னாலேயே வந்துவிடுமே!

கதையில் ஆண்குயில் காக்கையின் கண்ணில் படும்படி பறந்து போக்குக்காட்டும். காக்கை துரத்தும் இடைவெளியில் பெண்குயில் முட்டையிட்டுவிடும். கீழ்த்தளத்தில் நான் காக்கையாக ஓடினேன். துரத்தவைத்தது யார் தெரியுமா? அந்தப் பழைய பையன்தான், இப்போது உயர்நிலைப்பள்ளிக்குப் போகிறான். வலக்கையை மடக்கி நீட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. என்னைத் தூண்களுக்கிடையே ஐந்து சுற்று சுற்றவிட்டான். மூச்சிரைக்கத் திரும்பி வந்து பார்த்தால் என் கூடையில் ஐந்து முட்டை, ஒன்று மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. உட்கார்ந்து அடைகாத்தேன். சின்னப் பிள்ளைகள் "வேண்டாம், வேண்டாம், அது உன்னுடையது இல்லை" என்று கத்தினார்கள். ஒரு சிறுமி மட்டும், "பரவாயில்லை, அதற்கும் பசிக்கும்" என்றாள். இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். நான் தீர்ப்புச் சொல்லவில்லை, அடைகாத்துக்கொண்டிருந்தேன்.

கடிதம் எழுதிய அந்தப் பக்கத்துவீட்டு அண்ணன், மின்தூக்கிக்கு வந்தவர், சந்தைப்பையோடு ஓரமாக நின்று முழுவதையும் பார்த்திருக்கிறார். முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"அப்படியானால் இத்தனை நாளும் தப்பான ஆளைத் திட்டிவிட்டேன்" என்றார். "நாளைக் காலையிலிருந்து காக்கையையும் சேர்த்துத் திட்டுகிறேன்."